வரவேற்பறைச் சுவரில் பதினொரு ஃப்ளாப்பிகள்

திறப்பு விழாவில் இருந்தவர்கள்: எம்.டி., இரண்டு துணைத் தலைவர்கள், பிராண்ட் பிரிவின் தலைவி ஷில்பா, சட்டப் பிரிவின் ஹரீஷ், ஒரு புகைப்படக்காரர், கேக்கோடு வந்த கேட்டரிங் ஆள். இல்லாதவர்கள்: அந்த மென்பொருளை எழுதிய மூன்று பேர், என் மேலதிகாரி ஜெயராமன் சார், நான். எழுதியவர்களை அழைக்க முகவரி கிடைக்கவில்லை என்றார்கள். மூவரில் இருவரின் தொலைபேசி எண் என் ரிஜிஸ்டரில் இருந்தது, யாரும் கேட்கவில்லை. ஜெயராமன் சாருக்கு வயிறு சரியில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. திரையை விலக்கி எல்லோரும் கைதட்டியபோது அந்த மென்பொருளும் அங்கே முழுதாக இல்லை. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கே அதன் தலைப்பகுதி அழிந்துவிட்டிருந்தது. அழித்தவர்களேதான் கைதட்டினார்கள்.

இந்த மாதிரி அனுபவங்களை அறுபது வயதில், தோளில் சால்வையோடு எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு. நான் ஓய்வு பெறவில்லை, நான் பார்த்த வேலைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போன மாதம் நான் வேலை பார்த்த அறைக்குப் புதிதாக வந்திருக்கும் காவ்யா என்ற பெண் எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்து அழைத்தாள். "அண்ணா, ஏழு வருஷம் நீங்கதான் பாத்தீங்களாமே. பூஞ்சை புடிச்ச ஃப்ளாப்பிய எதால தொடைக்கணும்? மேனேஜர் வெட் டிஷ்யூ போதும்ங்கறாரு."

வெட் டிஷ்யூ என்று காதில் விழுந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஜீவனஹள்ளிக்காரன். அப்பா பெயின்டர், அம்மா இரண்டு அபார்ட்மென்டில் வீட்டு வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஆகவே கையெழுத்துப் போடுவது என்றால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயபக்தி உண்டு. பெரிய படிப்புக் குடும்பங்களில் அது இல்லை என்பதைப் பின்னால் பார்த்தேன். மாலைக் கல்லூரியில் பி.சி.ஏ. முடித்து வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சி. அதில் இரண்டு மாதம் அடையாள அட்டை வரக் காத்திருந்ததில் போயிற்று. மூன்றாவது மாதம் என்னை லிஃப்டில் ஏற்றி, மேலே அல்ல, கீழே அனுப்பினார்கள். இரண்டாவது பேஸ்மென்ட். ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் கார் நிறுத்துமிடம், நடுவில் ஒரு அறை. கதவில் 'மரபுக் காப்பகம்' என்று பித்தளைத் தகடு. தகடு மட்டும் பளபளப்பாக இருந்தது.

அந்த அறையில் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து எழுதி விற்ற மென்பொருள்களின் சோர்ஸ் கோட் இருந்தது. சோர்ஸ் கோட் என்பது மனிதர் எழுதும் மூலம். ஓடுகிற மென்பொருள் அதிலிருந்து சமைத்தது. சாம்பாரைக் கையில் வைத்துக்கொண்டு அதில் பெருங்காயம் எப்போது போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. மூலத்தில் அது எழுதியிருக்கும். சில வாடிக்கையாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், மூலத்தைக் கம்பெனி பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கேட்ட முப்பது நாளில் தர வேண்டும் என்று ஒரு பிரிவே உண்டு. அந்தப் பிரிவுக்காகத்தான் அந்த அறை. இல்லையென்றால் அங்கேயும் இரண்டு கார் நிறுத்தியிருப்பார்கள்.

அம்மாவுக்கு என் வேலையை விளக்க ஒரு வருஷம் முயன்றேன். கடைசியில் அவள் கேட்டாள்: "அப்போ தூசி தட்டற வேலைதானே? அதுக்கு எதுக்கு நீ படிச்ச? நான் போயிருப்பேனே."

முழுதும் தப்பில்லை. தூசிதான் எங்கள் முதல் எதிரி. காவ்யாவுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். பெங்களூரின் ஈரத்துக்கு ஃப்ளாப்பிக்குள் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அதை அப்படியே டிரைவில் போட்டால், படிக்கும் ஊசிமுனை பூஞ்சையோடு சேர்த்துக் காந்தப் பூச்சையும் சுரண்டிவிடும். அதோடு நிற்காது, அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியையும் சுரண்டும். ஆகவே மேலுறையின் ஒரு விளிம்பைப் பிளேடால் கீறி, உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டை விரல் நுனியில் எடுக்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. விரலைப் படுக்கவைத்துத் தடவ வேண்டும், நகம் படக்கூடாது. தண்ணீர் வழிய நிற்கவைத்து, நூல் உதிராத துணிமேல் காயவிட்டு, முன்பே கீறிவைத்த வேறொரு சுத்தமான உறைக்குள் நுழைத்து, அப்புறம்தான் டிரைவ். ஒரு ஃப்ளாப்பி முடிந்ததும் ஊசிமுனையை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு வேறு டிரைவில் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் ரிஜிஸ்டரில் 'படித்தாயிற்று, இருமுறை, ஒத்துப்போகிறது' என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்து. அந்த இரண்டு பேர் நானும் ஜெயராமன் சாரும்.

ஜெயராமன் சார் மாநில அரசுத் துறை ஒன்றின் கணிப்பொறிப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். பேஸ்மென்டில் வெயில் காலத்திலும் கை வைத்த ஸ்வெட்டர். அலமாரிகளுக்கு நடுவே நடக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார், எதையும் தொட்டுவிட்டால் பொறுப்பு வந்துவிடும் என்பதுபோல. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் விஷயம் என்ன என்று முன்னால் வருவார். எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எழுத்துல இருக்கா?" ஏ.சி. ஒழுகுகிறது என்றால் எழுத்துல இருக்கா. அலமாரிக்கு அடியில் எலி ஓடுகிறது என்றால் எழுத்துல இருக்கா. எலி எழுதிக் கொடுக்குமா சார் என்று ஒருநாள் கேட்டேன். "எலி குடுக்காது. நீ குடு," என்றார். கொடுத்தேன். எலிப்பொறி நாலு மாதத்தில் வந்தது. அதற்குள் எலி வேறு டிபார்ட்மென்டுக்கு மாறிவிட்டது.

அறையின் விதிகளை எழுதியவரும் அவர்தான். மூன்றாவது விதி: படிக்காத எதுவும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தார். நான் அதை நம்பினேன். எழுதி ஒட்டியிருக்கிறதே.

அப்படியானால் அந்தப் பதினொரு ஃப்ளாப்பிகளை ஏன் நாங்கள் முன்னமே படித்து வைக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவை கம்பெனியின் முதல் பெரிய வேலை: இந்த ஊரின் ஒரு கருவித் தொழிற்சாலை ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்கு. மேலே உள்ளவர்களின் வரிசையில் அவை எட்டாவதாக இருந்தன. முதலாவது, ஆண்டு விழா வீடியோ கேசட்டுகள். எம்.டி. மகளின் பரதநாட்டியம் உட்பட பத்தொன்பது கேசட். துணைத் தலைவர் ஒருவர் பாடிய இரண்டு பாட்டை மூன்று விதமான தரத்தில் கேட்டார்கள். மூன்றிலும் ஒரே மாதிரிதான் பாடினார். அந்தக் காலத்து ஃப்ளாப்பிகளை ஆழமாகப் படிக்க ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டும் பழைய டிரைவும் வேண்டும் என்று பதினோராயிரத்து நானூறு ரூபாய்க்கு எழுதிக் கேட்டேன். வணிக நியாயம் இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் கேட்டேன். அதே பதில்தான், தேதி மட்டும் வேறு.

அப்போதுதான் ஷில்பா கீழே வந்தார். கம்பெனியின் வரலாற்றை வரவேற்பறைச் சுவரில் வைக்கப் போகிறார்கள், முதல் மென்பொருள் வேண்டும். நான் மகிழ்ந்துபோனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். யாரோ ஒருவருக்கு இந்த அறை இருப்பது தெரிந்திருக்கிறதே. அதே வயது, அதே நிறத்தில் வெற்று ஃப்ளாப்பிகள் ஒரு பெட்டி இருக்கிறது, மேலே லேபிள் ஒட்டித் தருகிறேன், பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது என்றேன். அவர் முகம் சுளித்தார். உண்மையானதுதான் வேண்டும், போலியை வைத்தால் அதில் கதை இருக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னார். படிக்காதது வெளியே போகாது என்று கதவைக் காட்டினேன். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே போய் ஒரு மெயில் அனுப்பினார்.

ஜெயராமன் சார் மெயிலை அச்சடித்து, கடைசி வரியை முதலில் படித்து, வெளியனுப்பும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். சார், மூணாவது ரூல் என்றேன்.

"ரூல் நான் எழுதினது. மெயில் அவங்க எழுதினது. ரெண்டுல யார் சம்பளம் பெருசு?"

பதினொரு ஃப்ளாப்பிகளையும் நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே ஒரு தாளில் எச்சரிக்கை எழுதிக் கொடுத்தேன். வெயில் படக்கூடாது. பசை கூடாது. ஆணி, பின், ஸ்டேப்ளர் கூடாது. வளைக்கக்கூடாது. ஓட்டை வழியாகத் தெரியும் தகட்டில் விரல் படக்கூடாது. ஒன்பது வரி இருந்தது. காந்தம் என்று மட்டும் எழுதவில்லை. எழுதப் போனேன். பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன்: இது மென்பொருள் கம்பெனி. இதில் முக்கால்வாசிப் பேர் எஞ்சினியர்கள். ஃப்ளாப்பிக்குக் காந்தம் ஆகாது என்று எழுதினால், ஜீவனஹள்ளியிலிருந்து வந்த பையன் எங்களுக்கு அரிச்சுவடி சொல்கிறான் என்று நினைப்பார்கள். அவமரியாதையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் ஏழு வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். அவர்களுக்கு அறிவு இருக்கும் என்று நம்பி ஒரு வரியை எழுதாமல் விட்டேன்.

விழா முடிந்தது. படங்கள் வந்தன. கருப்புப் பலகையில் பதினொரு ஃப்ளாப்பிகள் மிதப்பதுபோல் நின்றன. ஆணி இல்லை, பசை இல்லை; என் தாளை அட்சரம் பிசகாமல் மதித்திருந்தார்கள். எப்படி நிற்கின்றன என்று நான் யோசிக்கவில்லை. எங்களுக்கு வரவேற்பறை வழியாகப் போகும் வழக்கம் இல்லை, கார் நிறுத்தும் சரிவு வழியாகத்தான் வரப்போக.

ஐந்து மாதம் கழித்து அந்தக் கருவித் தொழிற்சாலை ஊழியர்களின் ஓய்வூதிய அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. விஷயம் இதுதான். அந்தத் தொழிற்சாலையில் முன்னொரு காலத்தில் ஏழு மாதம் கதவடைப்பு. பின்னால் சமரசம் ஆகித் தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். பழைய மென்பொருள் அந்த ஏழு மாதத்தையும் சேவைக் காலமாகக் கணக்கிட்டது. எங்கள் கம்பெனி இரண்டு வருஷம் முன்பு அவர்களுக்குப் புது மென்பொருள் எழுதிக் கொடுத்தபோது, வேலை செய்யாத மாதத்துக்குச் சேவையா, இது பழைய ஆட்களின் பிழை என்று சொல்லித் திருத்திவிட்டது. நானூற்றுச் சொச்சம் பேரின் ஓய்வூதியம் மாதாமாதம் குறைந்துபோனது. சமரச ஒப்பந்தத்தின் நகல், தொழிற்சாலையை மூடியபோது அதோடு சேர்ந்து போய்விட்டது. பிழை அல்ல, வேண்டுமென்றே வைத்த விதி என்று காட்ட அவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி பழைய மூலம். ஒப்பந்தப்படி முப்பது நாளில் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

சட்டப் பிரிவில் அந்தக் கடிதம் பதினாறு நாள் தூங்கியது. பதில் வராததால் அறக்கட்டளையின் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார். பெயர் மரியதாஸ், ஆஸ்டின் டவுன்காரர், அந்தத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். யாரைப் பார்க்க வேண்டும் என்று வரவேற்பறைப் பெண் கேட்டதற்கு, "யாரு இருந்தாலும் சரிம்மா, படிக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா போதும்," என்றாராம். சோபாவில் உட்கார்ந்து, வளைந்த கைப்பிடிக் குடையை முழங்காலில் மாட்டிக்கொண்டு, காலை பத்திலிருந்து அங்கேயே.

மதியம்தான் ஹரீஷ் எங்களை மேலே வரவேற்பறைக்குக் கூப்பிட்டார். மூலம் எங்கே என்றார். ஜெயராமன் சார் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்: 'வெளியே. வரவேற்பறை.' மூவரும் திரும்பிப் பார்த்தோம். சோபாவில் மரியதாஸ். அவர் தலைக்கு ஒரு முழம் மேலே பதினொரு ஃப்ளாப்பிகள், விளக்கு வெளிச்சத்தில். நான்கு மணி நேரமாக அவர் கேட்டு வந்ததன் அடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் அருகில் போனேன். குனிந்தபோது என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் இரும்புக் கொக்கி டக் என்று போய்ப் பலகையில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு ஃப்ளாப்பியின் நான்கு பக்கத்திலும், விளிம்பின் நடுவில், கம்பெனி சின்னம் பதித்த பட்டன் அளவுக் காந்தம். பின்னால் இரும்புத் தகடு. பதினொரு ஃப்ளாப்பிக்கு நாற்பத்து நான்கு காந்தம். கழுத்தைக் கொடுத்துக் கட்டிவைத்த ஆடு மாதிரி நான் அப்படியே நின்றேன்.

மரியதாஸ் அண்ணாந்து பார்த்தார். "இதுலதான் எங்க ஏழு மாசம் இருக்கா தம்பி?"

ஆமாங்க சார் என்றேன்.

"சாமி படம் மாட்ற மாதிரி மாட்டிருக்காங்களே. பூ மட்டும்தான் இல்ல."

ஷில்பாவை அழைத்தார்கள். அவர் தன் தொலைபேசியில் என் எச்சரிக்கைத் தாளின் படத்தைத் திறந்து ஹரீஷிடம் நீட்டினார். ஒன்பது வரி. காந்தம் இல்லை. எழுத்தில் இல்லையே என்றார். ஜெயராமன் சார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஒரு தொழில்முறை வருத்தம் இருந்தது: எழுதியிருக்கக் கூடாதா என்று. அந்த நிமிஷம் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் குற்றவாளி.

பதினான்கு நாள் மிச்சம். இரண்டு வருஷம் வணிக நியாயம் இல்லாத போர்டுக்குப் பத்து நிமிஷத்தில் அனுமதி வந்தது, ஆனால் கம்பெனி வழியாக வாங்கினால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். என் சொந்தக் கார்டில் வாங்கினேன். டிரைவை எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில் பிடித்தேன்.

ஃப்ளாப்பியில் எழுத்து வட்ட வட்டமாக இருக்கும், நாற்பது வட்டம். எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே தொடர்கிறது என்ற பொருளடக்கம் முழுதும் வெளி விளிம்பின் முதல் வட்டத்தில். காந்தத்தை அவர்கள் வைத்திருந்ததும் அந்த விளிம்பில்தான். வேண்டுமென்றே அழிக்க வந்த ஒருவனுக்குக்கூட அவ்வளவு சரியான இடம் தெரிந்திருக்காது. பதினொன்றிலும் பொருளடக்கம் போய்விட்டது. முதல் ஒன்பது பத்து வட்டங்களில் இரைச்சல்தான். ஆனால் உள்வட்டங்கள் உயிரோடு இருந்தன.

கழுவினேன், காயவைத்தேன், படித்தேன். ஒவ்வொரு வட்டத்தையும் ஐந்து சுற்று. கிடைத்தவை ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட துண்டுகள், ஆயிரக்கணக்கில். பக்க எண்ணும் இல்லை, தலைப்பும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காற்றில் விட்டால் எப்படியோ அப்படி. ஒரு துண்டு பாதி வார்த்தையில் முடியும். மீதிப் பாதியோடு தொடங்கும் துண்டைத் தேட வேண்டும். கடன் கணக்கு ஒரு குவியல், விடுப்புக் கணக்கு ஒரு குவியல். எழுதிய மூவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் வரிக்கு முன் மூன்று இடம் விடுவார், ஒருவர் விடவே மாட்டார். மூன்றாமவர் எதைச் செய்தாலும் ஏன் செய்தேன் என்று மேலே ஒரு வரி எழுதி, வி.எஸ். என்று முதலெழுத்துப் போடுவார். பார்த்ததே இல்லாத அந்த மூவரையும் நடையை வைத்தே பிரித்தேன்.

ஆறாம் நாள், ஏழாவது ஃப்ளாப்பி, முப்பத்தோராம் வட்டம். சேவைக் காலக் கணக்கின் நடுப்பகுதி. மேலே ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில் நான்கு வரி. தமிழில் சொன்னால்: 'கதவடைப்பு ஏழு மாதமும் சேவையில் சேரும். சமரச ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு. பின்னால் வருகிறவர் இதைப் பிழை என்று நினைத்து எடுத்துவிட வேண்டாம். வி.எஸ்.'

பின்னால் வருகிறவர்களை வி.எஸ். என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். நான் எழுதாமல் விட்டது போன்ற வரியை அவர் எழுதி வைத்திருந்தார்.

ஜெயராமன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டியபடியே திரையைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். இன்னொரு டிரைவிலும் போடு என்றார். போட்டேன். ஒத்துப்போனது. கையெழுத்துப் போடுங்க சார் என்று ரிஜிஸ்டரை நகர்த்தினேன். இரு என்று சொல்லிவிட்டு ஹரீஷுக்கு விஷயத்தைத் தெரிவித்தார்.

ஹரீஷ் அன்றைக்குத்தான் முதல் முறையாக எங்கள் அறைக்கு வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. திரையைப் படித்தார். முகம் மலரும் என்று நினைத்தேன், மலரவில்லை. அவர் கணக்கு வேறு. மூலம் தொலைந்தது என்றால் ஒப்பந்தப்படி ஒரு சின்ன அபராதம், அவ்வளவுதான். மூலம் கிடைத்தது என்றால், நாம் பிழை என்று சொல்லி வெட்டியது பிழை அல்ல என்று நாமே நிரூபித்த மாதிரி. அது பெரிய தொகை.

"ஜெயராமன் சார், கொஞ்சம் யோசிங்க. காந்தம் பட்டுடுச்சு, படிக்க முடியலன்னு ரிஜிஸ்டர்ல ஒரு வரி. காந்தம் பட்டது உண்மைதானே?"

ஜெயராமன் சார் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டார். "எழுத்துல குடுங்க."

"இத எல்லாம் எழுத்துல கேப்பாங்களா சார்?"

"கேக்காம எப்படி? படிக்க முடியலன்னு கையெழுத்து என்னுது. நாளைக்குக் கோர்ட்ல யாரு சொல்லி எழுதினேன்னு கேட்டா, என்கிட்ட ஒரு மெயில் இருக்கணும். ரெண்டு மாசத்துல எனக்கு ரிட்டயர்மென்ட். கிராச்சுவிட்டி இருக்கு."

"நம்ம எல்லாம் ஒரே கம்பெனி சார்."

"அதையும் சேத்து எழுதிடுங்க."

ஹரீஷ் என் பக்கம் திரும்பினார். நீ சின்னப் பையன், வாழ்க்கை இருக்கு என்கிற பேச்சு. நான் ரிஜிஸ்டரைக் காட்டினேன். அன்று காலையே என் இடத்தில் 'படித்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். எங்கள் விதியில் அடித்தல் திருத்தல் கிடையாது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான்; போட்டதை எப்படி அழிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றேன். திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியாது.

மெயில் அனுப்புகிறேன் என்று ஹரீஷ் மேலே போனார். நாங்கள் காத்திருந்தோம். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அவர் அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஜெயராமன் சாருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் மணிக்கொரு தரம் மெயிலைத் திறந்து பார்த்தார். வந்திருந்தால் அவர் அதைத்தான் செய்திருப்பார், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுத்தில் வந்திருந்தால், படிக்க முடியவில்லை என்று என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார். முப்பதாவது நாள் மாலை ஐந்து மணிவரை எதுவும் வரவில்லை. ஐந்து அடித்ததும் பேனாவை எடுத்தார். படித்தாயிற்று, இருமுறை, ஒத்துப்போகிறது. கையெழுத்து.

மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "என்னைய நல்லவன்னு எங்கயாவது எழுதிடாத."

எழுதவில்லை. பயந்தவர் என்று எழுதுகிறேன். அந்தக் கட்டடத்தில் தைரியசாலிகள் நிறைய இருந்தார்கள். எல்லோரும் வாயால் சொன்னார்கள், ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியில் நானூறு குடும்பத்துக்கு உதவியது ஒரு பயங்கொள்ளியின் கையெழுத்துதான்.

இருவர் கையெழுத்து விழுந்தால் நகல் அன்றைக்கே கேட்டவருக்குப் போக வேண்டும், அது எட்டாவது விதி. அச்சடித்த பக்கங்களையும் ஒரு பென் டிரைவையும் உறையில் போட்டு, ஆபீஸ் முடிந்து மெட்ரோவும் ஆட்டோவும் பிடித்து ஆஸ்டின் டவுன் போனேன். அறக்கட்டளையின் அலுவலகம் ஒரு தையல் கடைக்கு மேலே. மரியதாஸ் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, அந்த நான்கு வரிகளை விரல் வைத்துப் படித்தார். செவன் என்ற இடத்தில் விரல் நின்றது.

"இந்த வி.எஸ். யாரு தம்பி?"

வசந்தா என்று ஒரு அம்மா, முதலில் இதை எழுதின மூவரில் ஒருவர், பத்து வருஷம் இருந்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார் என்றேன்.

"சுவத்துல அவங்க பேரு இல்லியே. நாலு மணி நேரம் கீழ உக்காந்து பாத்தனே. உங்க எம்.டி. பேரு இருந்தது, எம்.டி. அப்பா பேரு இருந்தது, பலக செஞ்சவன் கடை பேருகூட ஓரத்துல இருந்தது."

உண்மைதான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெயராமன் சார் இரண்டு மாதத்தில் சால்வை, வெள்ளித் தட்டு, முழு கிராச்சுவிட்டியோடு போனார். தட்டுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார் என்று சொன்னார்கள். ஷில்பாவுக்குப் பதவி உயர்வு. ஹரீஷ் வேறு கம்பெனியில் இதைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறார். மரபுக் காப்பகம் 'மறுசீரமைக்கப்பட்டது'. அதாவது என் பதவி எடுக்கப்பட்டு, பித்தளைத் தகடு மறுபடி பாலிஷ் போடப்பட்டது. இப்போது நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பில் காந்தத்தைப் பற்றி எழுதிப் போட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பதில்லை. வரவேற்பறைச் சுவரில் பலகை அப்படியே இருக்கிறதாம். ஃப்ளாப்பிகளுக்குப் பதில் அவற்றின் கலர் பிரிண்ட் ஒட்டியிருக்கிறது என்று காவ்யா சொன்னாள். நான் முதல் நாளே கொடுக்க வந்த போலியைவிட மட்டமான போலி. காந்தங்களை மட்டும் எடுக்கவில்லை, அழகாக இருக்கின்றனவாம்.

நானூற்றுச் சொச்சம் பேருக்கும் ஏழு மாதம் திரும்பக் கிடைத்தது. தப்பாகத் திருத்தியதற்கு நஷ்ட ஈடு, நிலுவைக்கு வட்டி, புது மென்பொருளை மறுபடி எழுதிய செலவு, வக்கீல் எல்லாம் சேர்த்துக் கம்பெனி கட்டியதை மரியதாஸ் ஒரு துண்டுத் தாளில் கூட்டி என்னிடம் காட்டினார். பதினோராயிரத்து நானூறுக்கு வணிக நியாயம் இல்லை என்றவர்களுக்குக் கடைசியில் ஆன செலவு, ஒரு கோடியே எண்பத்தாறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.